செவ்வாயில் ஒரு சறுக்குப்பாறை

அன்னவாசல்
17.06.2025, செவ்வாய்

டேய் அரவிந்து,

முதலில், இந்தக் கடிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டிருக்கும் விடுதி வார்டன் நாகராசு சாருக்கு வணக்கம். சார், இதில் காதல், கலகம், ஊறுகாய் எதுவும் இல்லை. பிள்ளைகளுக்கு வரும் கடிதமெல்லாம் உங்கள் சிவப்பு டிக் வாங்கித்தான் உள்ளே போகும் என்று அப்பா சொன்னார். போட்டுவிட்டு என் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள். இரட்டைப் பிள்ளைகள்தான், ஆனாலும் ஆறு நிமிடம் முன்னால் வந்த நான் அக்கா.

இனி உனக்கு. போனைப் பிடுங்கிக்கொண்டார்களாமே! 'விடுதி' என்பதிலேயே 'விடு' இருக்கிறது. ஆனால் எதையும் விட மாட்டேன் என்கிறார்கள். டாக்டருக்குப் படிக்கப் போனவனைப் பத்தாம் நாளே படுக்கையில் போட்டுவிடாமல் இருந்தால் சரி.

நம் வேலையை நிறுத்த முடியாது. செவ்வாயைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருக்கும் அந்தக் கலத்துக்கு நீ ராசிபுரம் போனது தெரியாது. அது பாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. செவ்வாய்க் குழிகளை எண்ணும் திட்டத்தில் அறிவியல் டீச்சர் நம் இருவருக்கும் வாங்கித் தந்த கட்டம் 417இல் இன்னும் முப்பது படம் பாக்கி. அதனால் சரவணக்குமார் அண்ணன் ஜெராக்ஸ் கடையில் ஆறு படம் பிரிண்ட் எடுத்து இணைத்திருக்கிறேன். குழிகளைப் பென்சிலால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பு. நீ போட்டதை ஒன்று விடாமல் உன் கணக்கில் நான் ஏற்றிவிடுகிறேன்.

விதிகள் நினைவிருக்கிறதல்லவா? ஒரே படத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். எத்தனை எண்ணினோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லக் கூடாது. இருவரும் ஒத்துப்போனால் கணக்கில் சேரும். ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஆள் பார்ப்பார். வட்டம் போடுமுன் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பார். படத்தைத் தலைகீழாகப் பிடித்தால் குழியெல்லாம் மேடாகத் தெரியும். போன வருடம் நீ பதினாறு குழியை மலை என்று சொல்லி அவற்றுக்குப் பெயர் வேறு வைத்தாய், மறக்கவில்லை.

எனக்கென்னவோ மொத்தக் கிரகமும் அம்மாவின் பணியாரக்கல் மாதிரிதான் தெரிகிறது. 'செவ்வாயையே பார்த்துக்கிட்டு இருக்கியே, செவ்வாய் தோஷம் வந்துறப்போகுது' என்கிறாள் அம்மா. அது தோஷமில்லை, சந்தோஷம் என்றேன். கரண்டி பறந்து வந்தது.

இப்படிக்கு,
ஆறு நிமிட அக்கா பிரகதீஸ்வரி


ராசிபுரம்
26.06.2025

அன்புள்ள பிரகா,

படங்கள் கிடைத்தன. ஆறும் முடித்துவிட்டேன். மூன்றாவது படத்தில் ஒரு பெரிய குழிக்குள் நாலு சின்னக் குழி இருக்கிறது. இதைச் சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை. சொல்லக் கூடாது என்றால் இந்த வரியைப் படிக்காதே.

இங்கே காலை ஐந்து மணிக்கு மணி அடிப்பார்கள். தினமும் ஒரு தேர்வு. ராத்திரி சாப்பாட்டுக்கு முன் யார் எத்தனையாவது ஆள் என்று சுவரில் ஒட்டுவார்கள். நான் நூற்றுப் பதினொன்று. மொத்தம் நூற்று நாற்பது பேர். சாப்பாடு பரவாயில்லை.

அங்கே மழை பெய்ததா? கண்மாய்க்கரைச் சறுக்குப்பாறை நனைந்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா? சும்மாதான் கேட்டேன்.

வார்டனைப் பற்றி அப்படியெல்லாம் எழுதாதே. உன் கடிதத்தைக் கொடுக்கும்போது என்னை ஒரு மாதிரி பார்த்தார். சிரித்தாரா முறைத்தாரா என்று சொல்ல முடியவில்லை. மீசை மறைத்துவிட்டது.

நலம்.
அரவிந்த்குமார்


அன்னவாசல்
15.07.2025

மீசைக்குள் மறைந்திருக்கும் நாகராசு சாருக்கும், நூற்றுப் பதினொன்றாவது மேதைக்கும்,

வாழ்த்துகள்! நம் இருவரின் பொருத்தம் தொண்ணூற்றொரு சதவீதம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கல்யாணத்துக்கு முன்னால் பார்த்த ஜாதகப் பொருத்தம்கூட இவ்வளவு தேறவில்லையாம். அந்த நாலு குட்டிக் குழிகளை நானும் போட்டிருந்தேன். நீ எழுதிய வரியைப் படிக்கவே இல்லை, சத்தியமாக. வட்டம் போட்ட பிறகுதான் படித்தேன்.

சறுக்குப்பாறை காய்ந்துதான் கிடக்கிறது. சும்மா கேட்டதற்குச் சும்மா பதில்.

பள்ளியில் ஒரு சின்னச் சம்பவம். காலை வழிபாட்டில் என்னைச் செய்தி வாசிக்கச் சொன்னார்கள். 'செவ்வாயில் நம்மைப் போன்ற உயிரினம் ஒன்றுகூட இல்லை. ஆகவே அங்கே வீட்டுப்பாடமும் இல்லை' என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். கைதட்டல் வந்தது. பின்னாலேயே கூப்பிட்டு அனுப்பினார்கள். வெயிலில் அரை மணி நேரம், நானும் ஒரு விண்கலம் போலக் கொடிக்கம்பத்தைச் சுற்றி வந்தேன்.

அப்பா குவாரியில் புது மலை முகத்தில் துளை போட்டுக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு வந்தால் தலை முதல் கால் வரை வெள்ளைத் தூசி. தினமும் உன் படத்துக்கு முன்னால் நின்று, 'எம்மவன் வெள்ளைக் கோட்டு போடுற வரைக்கும் நான் வெள்ளைத் தூசி போட்டுக்கிறேன்' என்கிறார். எனக்கு முன்னால் நின்று எதுவும் சொல்வதில்லை. ஆறு நிமிடம் முன்னால் பிறந்தவள் ஒருத்தியும் இந்த வீட்டில் உண்டு என்பதை யாராவது ஞாபகப்படுத்தினால் தேவலை.

அடுத்த எட்டுப் படம் இணைத்துள்ளேன்.

பிரகதி


ராசிபுரம்
29.07.2025

பிரகா,

எட்டும் இணைத்துள்ளேன். நேரம் இல்லை. நூற்று இருபத்தொன்பது.

நலம்.
அரவிந்த்


அன்னவாசல்
05.08.2025

அரவிந்த்குமார் அவர்களுக்கு,

அவர்கள் என்று போட்டதிலிருந்தே தெரிந்திருக்கும், கோபமாக இருக்கிறேன்.

பொருத்தம் முப்பத்தெட்டுக்கு இறங்கிவிட்டது. எட்டுப் படத்தில் ஆறு படத்துக்கு மூன்றாவது ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். டீச்சர் என்னிடம், 'ஒன் தம்பி பாக்குறானா, இல்ல நீயே கிறுக்கி அனுப்புறியா?' என்று கேட்டார். எத்தனையோ குறும்பு செய்து திட்டு வாங்கியிருக்கிறேன். செய்யாததற்கு வாங்கியது இதுதான் முதல் முறை.

ஐந்தாவது படத்தை என்ன செய்து வைத்திருக்கிறாய்? ஒரு வட்டம்கூட இல்லை. ஓரத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருக்கிறாய். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே இருபது குழி அகப்படும் படம் அது. அதைப் பார்த்து ஒன்றுமில்லை என்று எழுத எப்படி மனசு வந்தது?

பெரிய படிப்புக்குப் போய்விட்டாய், இதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டாகிவிட்டது. அப்படித்தானே? வேண்டாமென்றால் வேண்டாமென்று எழுது. நான் தனியாகப் பணியாரக்கல்லைப் பார்த்துக்கொள்கிறேன்.

பிரகதீஸ்வரி
(முழுப் பெயர். கவனி.)


ராசிபுரம்
14.08.2025

வேண்டாம். இனிமேல் படம் அனுப்பாதே.

நலம்.
அ.


அன்னவாசல்
19.08.2025

பெறுநர்: அரவிந்த்குமார், குழி ஆய்வாளர் (ஓய்வு)

ஐயா,

தாங்கள் ஓய்வு பெற்ற செய்தி அறிந்து கிரகமே வருந்துகிறது. இருப்பினும் அவசரமாக ஒரு படம். ஒன்றே ஒன்று. கட்டம் 418, சிறப்பு வெளியீடு. கலம் வழக்கமாக முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும். இந்தப் படத்தை எடுக்கும்போது மட்டும் மிகமிகத் தாழ்வாக, ஏழு அடியில்... மன்னிக்கவும், கை தவறிவிட்டது, ஏழு கிலோமீட்டரில் பறந்தது.

தாங்கள் பார்த்துக் குறித்துத் தந்தால் போதும். பிறகு தொந்தரவு செய்ய மாட்டோம்.

நாகராசு சார், இதை மட்டும் தடுத்துவிடாதீர்கள். அவனுக்கு எண்ணப் பிடிக்கும். பிடித்திருந்தது.

தலைமை அலுவலகம், அன்னவாசல்


ராசிபுரம்
28.08.2025

கட்டம் 418, ஆய்வறிக்கை

அனுப்புநர்: குழி ஆய்வாளர் (ஓய்வு ரத்து)

வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து சாய்ந்து விழுகிறது. எனவே படம் எடுத்த நேரம் மாலை ஐந்து, பள்ளி விட்ட பிறகு.

குழிகளைக் குறித்திருக்கிறேன். எத்தனை என்று சொல்ல மாட்டேன். பென்சில் முனை இரண்டு முறை ஒடிந்தது.

நடுவில் மேலிருந்து கீழே வரை வழுவழுப்பான ஒரு தடம் ஓடுகிறது. இது நீர் ஓடிய தடம் அல்ல. இரண்டு சிறிய பொருள்கள் பல ஆண்டுகளாக மாலைதோறும் உட்கார்ந்தபடியே உராய்ந்து இறங்கியதால் உண்டானது. தடத்தின் அடியில் அருகருகே இரண்டு பள்ளங்கள். விண்கல் விழுந்தவை அல்ல, குதிகால் ஊன்றியவை. இடது பள்ளத்துக்கு மேலே ஒரு துருத்தல் இருக்கிறது. இரண்டாம் வகுப்பு படித்த காலத்தில் ஒரு பொருள் இதில் முட்டி முன்பல்லை இழந்தது. இன்னொரு பொருள்தான் பின்னாலிருந்து தள்ளிவிட்டது. அது இதுவரை மன்னிப்புக் கேட்டதாகப் பதிவு இல்லை.

வலது கீழ் மூலையில் உயிரினத்துக்கான சான்று உள்ளது. ரப்பர் செருப்பின் நுனி, அறுந்த வாருக்கு ஊக்கு குத்தியது. அம்மாவிடம் சொல்லிப் புதுச் செருப்பு வாங்கிக்கொள்ளவும்.

பொதுவான கருத்து: சுற்றுகலம் நல்ல கலம். தினமும் ஒரே பாதையில் சுற்றுகிறது. சொன்ன நேரத்தில் எழுகிறது, சொன்ன நேரத்தில் படம் எடுக்கிறது, 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று செய்தி அனுப்புகிறது. அப்படி அனுப்பத்தான் அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் கீழே இருக்கும் இடத்தில் இறங்க அதற்குக் கால் கிடையாது. எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் முடியாது. இந்த ஒரு படத்தில் மட்டும், இறங்க முடிந்தால் நன்றாக இருக்கும் என்று கலம் நினைக்கிறது.

படத்தைத் திருப்பி அனுப்பவில்லை. குறித்தவற்றை வேறு தாளில் வரைந்து அனுப்பியிருக்கிறேன். படம் என்னிடம் இருக்கட்டும்.

நலம்.
அரவிந்த்


அன்னவாசல்
02.09.2025

டேய்,

இன்று நக்கல் இல்லை. வந்தாலும் அடக்கிக்கொள்கிறேன்.

ஏமாற்றத்தான் அனுப்பினேன். துறட்டிக் கம்பில் போனைக் கட்டி, சறுக்குப்பாறைக்கு மேலே நீட்டி எடுத்தேன். நீ அதைச் செவ்வாய் என்று நம்பி விழுந்து விழுந்து எண்ணுவாய், பிறகு ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்தேன். உன் அறிக்கையைப் பாறையில் உட்கார்ந்து படித்தேன். செருப்பு வரைக்கும் சிரித்தேன். அதற்கு மேல் சிரிக்க முடியவில்லை.

பிறகு உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கடைசியில் 'நலம்'. மூன்று மாதமாக மேடு என்று பார்த்துவந்திருக்கிறேன். தலைகீழாகப் பிடித்திருக்கிறேன், அரவிந்து. அது குழி. 'ஒன்றுமில்லை' என்று நீ எழுதியது படத்தைப் பற்றி இல்லை. அதற்குப் போய் நான் முழுப் பெயரில் சண்டை போட்டேன். மன்னித்துக்கொள். பல்லுக்கும் சேர்த்து.

அப்பாவிடம் உன் அறிக்கையைக் காட்டினேன். குறித்த தாளைப் பார்த்தவுடனே, 'இது நம்ம சறுக்குப்பாறையில்ல?' என்றார். பாறை அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் படித்துவிட்டு, 'நல்லாத்தானே எழுதியிருக்கான். ஊரு ஞாபகம் யாருக்குத்தான் இருக்காது?' என்றார்.

'அப்பா, அவனுக்கு அங்கிட்டு முடியலப்பா. இங்கிட்டு வந்து படிக்கட்டும். எங்க ஸ்கூல்ல எடம் இருக்கு, கேட்டுட்டேன்.'

'எந்தப் பாறையும் மொத நாளே துளை வாங்காது தாயி. போகப் போகத்தான் எறங்கும்.'

'அவன் பாறை இல்லப்பா.'

அம்மா அடுப்படியிலிருந்து, 'அவ சொல்றதையும் கொஞ்சம் கேளுங்களேன்' என்றாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. கடைசியில், 'ஒனக்கு எல்லாமே வெளையாட்டு. ஒன் பேச்சைக் கேட்டு அவன் படிப்பைக் கெடுக்கச் சொல்றியா?' என்றார். வாழ்க்கை முழுக்கக் குறும்பு செய்தவள் உண்மையைச் சொன்னால் அது எடுபடாது என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆக, ஒரே படத்தை நானும் அப்பாவும் பார்த்தோம். ஒத்துப்போகவில்லை. விதிப்படி மூன்றாவது ஆள் வேண்டும். யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. நீயே அப்பாவிடம் சொல்வாயா? சொல்ல மாட்டாய், தெரியும். நலம் என்பாய்.

பிரகா


ராசிபுரம்
11.09.2025

பிரகா,

நேற்று நாகராசு சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உன் கடிதம் மேசைமேல் பிரித்திருந்தது. தொலைந்தோம் என்று நினைத்தேன்.

'உக்காருடா' என்றார். 'ரெண்டு பேரும் என்னைய என்னன்னு நெனச்சீங்க? இவருக்கு எங்க புரியப்போகுதுன்னு கோளு, கலம்னு எழுதிக்கிட்டிருக்கீக. ஜூன் மாசத்துலேர்ந்து ஒங்க குழிய எண்ணிக்கிட்டு இருக்கேன்டா நானு.'

மேசை இழுப்பறையைத் திறந்தார். துண்டுத் தாள்கள். நீ அனுப்பிய ஒவ்வொரு படத்துக்கும் எண் போட்டு, எத்தனை குழி என்று எழுதி வைத்திருக்கிறார். என்னிடம் கொடுப்பதற்கு முன்னால் எண்ணிப் பார்ப்பாராம். நான் குறித்து உனக்கு அனுப்பக் கொடுத்ததும் தன் கணக்கை என்னுடையதோடு ஒப்பிடுவாராம். அவர் ஊர் அறந்தாங்கிப் பக்கம். சறுக்குப்பாறையைப் பார்த்ததும் இது செவ்வாய் இல்லை, நம்ம ஜில்லா என்று அவருக்குத் தெரிந்துவிட்டதாம்.

'மொத மாசம் ஒன் கணக்கும் என் கணக்கும் ஒண்ணா இருந்துச்சு. அடுத்த மாசம் நான் இருபத்திரெண்டு எண்ணுன படத்துல நீ ஒன்றுமில்லைன்னு எழுதுன. அன்னைக்கே கூப்பிட்டுக் கேட்டிருக்கணும். எல்லாப் பயலுக்கும் வாரதுதான், சரியாப்போயிரும்னு இருந்துட்டேன். தப்பு என் மேலயும்தான்' என்றார். பிறகு, 'சாப்புட்டியா?' என்று கேட்டார்.

அவ்வளவுதான் கேட்டார். எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை, அழ ஆரம்பித்து நிறுத்தவே முடியவில்லை. சாப்பிட்டு மூன்று நாள் ஆயிற்று என்றேன். தூங்கி எத்தனை நாள் என்று எண்ணவில்லை என்றேன். சுவரில் பெயர் இறங்க இறங்க, புத்தகத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் மங்கிவிடுகிறது என்றேன். இதையெல்லாம் உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதப் போனபோதெல்லாம் அப்பாவின் வெள்ளைத் தூசி ஞாபகம் வந்தது. அதனால் நலம் என்று எழுதினேன்.

சார் தோசை வாங்கி வரச் சொல்லி, நான் சாப்பிடும் வரை எதிரே உட்கார்ந்திருந்தார். இந்தக் கடிதத்தில் அவர் ஒரு வரி எழுத வேண்டுமாம். கீழே இடம் விட்டிருக்கிறேன். முதல் தடவையாக நலம் என்று போடாமல் முடிக்கிறேன்.

அரவிந்த்

[கீழே, சிவப்பு மையில்:]

அரவிந்த்குமாரின் தந்தை திரு. ஆண்டியப்பன் அவர்களுக்கு வணக்கம். ஒரே படத்தைத் தனித்தனியாகப் பார்த்தோம். உங்கள் மகள் பார்த்ததைத்தான் நானும் பார்த்தேன். பையன் கெட்டிக்காரன், எங்கிருந்தாலும் படிப்பான். இங்கே வேண்டாம். நேரில் வரவும்.
நாகராசு, விடுதிக் காப்பாளர்


அன்னவாசல்
16.09.2025, செவ்வாய்

டேய் அரவிந்து,

அப்பாவிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டு அடுப்படியில் போய் அம்மாவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஒரு முறை படித்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். சிவப்பு வரிகளை மட்டும் விரலை வைத்துப் படித்தார். பிறகு, உன் முதல் ஆறு படத்தையும் அந்த 'ஒன்றுமில்லை' படத்தையும் கேட்டார். என் பென்சிலையும் கேட்டார். அவராகவே குழி எண்ணினார். துளை போடுகிறவர் அல்லவா, நம் இருவரைவிட வேகம்.

'இதுல இருபத்திரெண்டு இருக்குத் தாயி' என்றார். 'மூணு நாளா பய சாப்புடலையாம். எனக்கு ஏன் தெரியாமப் போச்சு?'

நான் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தேன். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். என் தலையில் கை வைத்தார். முடியெல்லாம் வெள்ளைத் தூசி. துடைக்கவில்லை, விட்டுவிட்டேன்.

'ராசிபுரத்துக்கு மொத பஸ் எத்தனை மணிக்கு?' என்றார்.

ஆகவே அதிகாரப்பூர்வ அறிவிப்பு: சனிக்கிழமை, 20ஆம் தேதி, தரையிறக்கம். அப்பா காலையிலேயே அங்கே வந்துவிடுவார். பெட்டியைக் கட்டி வை. திங்கட்கிழமையிலிருந்து நீ என் வகுப்பு. முன் பெஞ்சு உனக்கு, பின் பெஞ்சு எனக்கு. டாக்டராகிறாயா, குழி ஆய்வாளராகிறாயா என்பதைப் பிறகு பேசலாம். அப்பா, 'மொதல்ல ரெண்டு வேளை ஒழுங்காச் சாப்புடட்டும்' என்று சொல்லிவிட்டார். நேற்று மழை. பாறை இன்று காய்ந்துவிட்டது. பழைய கால்சட்டையில் வா. உனக்குப் பிடித்த இடது பக்கத்தை எடுத்துக்கொள். தள்ள மாட்டேன், பெரும்பாலும்.

புதுச் செருப்பு வாங்கியாயிற்று.

பிரகா

பின்குறிப்பு: நாகராசு சார், இதையும் நீங்கள்தான் முதலில் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களுக்குத் தனியாக ஒரு படம் இணைத்திருக்கிறேன். நிஜமான செவ்வாய்தான், கட்டம் 417, இருபத்தைந்தாவது படம். டிக் போட வேண்டாம், வட்டம் போட்டு அனுப்புங்கள். நானும் எண்ணிவிட்டேன். எத்தனை என்று மட்டும் சொல்ல மாட்டேன்.